பிரேக் கட்டையின் கதை: திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் வந்து போனது, 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது, 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது ஆகியவை யாவும் நூல்களில் உள்ளன. துறைமுக வாசலுக்கு வெளியே ஓடிய லொறிகளையும் பஸ்களையும் பற்றி எழுதியவர் குறைவு. அந்தச் சக்கரங்களை ஓடவிடாமல் நிறுத்திய பொருளைப் பற்றி எழுதிய எவரையும் நான் அறியேன்.

பிரேக் லைனிங் என்பது வரலாற்றுக்கு உகந்த பொருளா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். முப்பதாண்டுக்கு மேல் பத்திரிகையில் விபத்துச் செய்திகளை எழுதி வந்தவன் என்ற முறையில், உகந்ததே என்று துணிந்து சொல்வேன். "பிரேக் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்" என்ற ஒற்றை வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிரேக் ஏன் செயலிழந்தது, அதில் எந்தச் சரக்கு பூட்டப்பட்டிருந்தது, அதை என்ன விலைக்கு எவர் வாங்கினார் என்பவற்றைச் செய்தியில் எழுத இடம் கிடைப்பதில்லை.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. டார்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வரும் குதிரை வண்டிகளை நிறுத்துவதற்கு, மரக்கட்டையில் பழைய சப்பாத்துத் தோலை ஆணியால் அறைந்து சக்கரத்தில் அழுத்துவார்களாம். இதைக் கண்ட ஹேர்பேர்ட் ஃபுரூட் என்பவர், 1897 அளவில், பிசினில் தோய்த்த பருத்தி நெசவைக் கொண்டு பிரேக் கட்டை செய்து பார்த்தார். அவருடைய பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து உண்டானதே 'ஃபெரோடோ' என்ற வணிகப் பெயர். குதிரை வண்டிக்குப் பருத்தி போதுமானதாக இருந்தது. மோட்டார் வாகனம் வந்ததும் உராய்வின் சூடு பருத்தியைக் கருக்கியது. ஆகவே 1908இல் பருத்தியின் இடத்தில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், நுழைந்தது. அது நெய்யக்கூடியது, எரியாதது. எல்லாவற்றுக்கும் மேலாக மலிவானது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான வாகனங்கள் கல்நாரை உரசியே நின்றன.

திருகோணமலை சமதரையான ஊர். சுவாமிமலைக்கு ஏறும் வழியையும் ஓர்ஸ் ஹில்லையும் விட்டால் இறக்கம் என்று சொல்வதற்கு அதிகமில்லை. மாட்டுவண்டிக் காலத்தில் பிரேக்கின் தேவை எழவில்லை. மாடு நின்றால் வண்டி நிற்கும். 1927இல் ரயில் பாதை வந்தபோது அதனுடன் வெற்றிட பிரேக்கும் வார்ப்பிரும்புக் கட்டையும் வந்தன. அது ரயில்வே திணைக்களத்தின் விடயம். ஊரார் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனன்குடா விமானத் தளமும் எண்ணெய்க் குதங்களும் கடற்படைத் தளமும் பரபரப்பாக இயங்கியபோதுதான் பார மோட்டார் வாகனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தத் தெருக்களில் ஓடத் தொடங்கின. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்கும் கொழும்புக்கும் நீண்டதூர பஸ்கள் ஓடின. அவற்றின் லைனிங் சபையின் களஞ்சியங்களின் வழியே வந்தது. தனியார் வாகனக்காரர் கடைக்குத்தான் போகவேண்டும்.

சமதரை என்றேன். ஆனால் இந்த மாவட்டத்தில் பிரேக் உயிரைக் காத்த இடம் மலையில் இருக்கவில்லை, ஆற்றங்கரைகளில் இருந்தது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போகிறவர் கிண்ணியா முதல் வெருகல் வரை பல நீர்ப்பரப்புகளைப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றைய துறைகளில் பாலங்கள் வந்தது 2011இல். அதற்கு முன் பஸ்ஸும் லொறியும் கரைச் சரிவில் இறங்கி மிதவையின் பலகையில் ஏற வேண்டும். சரிவு ஈரமாக இருக்கும், பாசியும் படிந்திருக்கும். அங்கே கொண்டக்டர் கையில் ஒரு மரக்கட்டையுடன் முன்கூட்டியே இறங்கி நிற்பார். வண்டி நின்றதும் சக்கரத்தின் அடியில் அதைத் தள்ளிவிடுவார். இந்த மாவட்டத்தின் மிக மலிவான பிரேக் அதுதான். (எங்களூரில் மைல்கல்லும் 'கட்டை'தான், மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று ஊர்களுக்கே பெயர். வெளியூர்க்காரர் குழம்பிப்போவதுண்டு.)

லைனிங்கின் விலை ஒரு குடும்பத்தின் கவலையாக மாறியது அறுபதுகளின் கடைசியில் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றியது. 1968 மே மாதத்தில் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. அதன்படி அத்தியாவசியம் அல்லாத இறக்குமதிக்குக் கூடுதல் விலை கொடுத்தே அந்நியச் செலாவணி பெற முடிந்தது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அந்நாட்களில் பாணுக்கு நின்ற வரிசையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். உதிரிப்பாகத்துக்காக அலைந்தவர்களின் கதை எழுதப்படவில்லை.

நகரில் ஐம்பது ஆண்டுகளாகக் கராஜ் நடத்திவரும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். பெயரை எழுத வேண்டாம் என்றார்.

"தம்பி, அப்ப லைனிங் வாங்கிறது எண்டா தங்கம் வாங்கிற மாதிரி. புதுசு கிடைக்காது. பெரிய லொறியில கழட்டின பழைய லைனிங்கை வெட்டி, அரத்தால ராவி, காருக்கு அளவாக்குவம். துளை போட்டு றிவிட் அடிச்சா ஆறு மாசம் ஓடும்."

"தூசி பறக்குமே, அண்ணை?"

"பறக்கும்தான். வாயால ஊதிப்போட்டு வேலையைப் பாக்கிறது."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிக்காமல் குறித்துக்கொண்டேன். அவர் ஊதியது கல்நார்த் தூசி.

இங்கே சற்று விலகிச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண், 1924 மார்ச்சில், தமது 33ஆவது வயதில் நுரையீரல் நோயினால் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டொக்டர் குக் அதில் கல்நார்த் துணுக்குகளைக் கண்டார். அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் நோய்க்குப் பெயரும் இட்டார். மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்ற முதல் கல்நார் நுரையீரல் நோயாளி நெல்லி கேர்ஷோதான் என்பர். ஆலை நிறுவனம் பொறுப்பை ஏற்க மறுத்தது. பிரித்தானிய அரசு 1931இல் கல்நார் ஆலைகளுக்கென ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆலை நிறுவனத்திலிருந்து வளர்ந்த டர்னர் அண்ட் நியுவல் கூட்டுக்குழுமத்தினுள்தான் ஃபெரோடோவும் பின்னர் சேர்ந்தது. அதாவது, கல்நார்த் தூசி நுரையீரலை அழிக்கும் என்பது அச்சில் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், திருகோணமலையில் ஒருவர் அதை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி கப்பலேறி வரவில்லை. லைனிங் மட்டும் வந்தது.

கடற்படைக் கப்பல்களின் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் இதே கல்நாரைத்தான் போர்த்தியிருந்தார்கள். பிரித்தானியக் கப்பற்பட்டறைத் தொழிலாளர் பலர் பல்லாண்டுகள் கழித்து நோயுற்று, இழப்பீடு கேட்டு வழக்காடினர். அதே கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் வந்து பழுது பார்க்கப்பட்டன. இங்கே அந்த வேலையைச் செய்த தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் பின்னாளில் எப்படி இறந்தார்கள் என்று எவர் கேட்டார்? கல்நார் நோய் வெளிப்படுவதற்கு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். 1957இல் தளம் கைமாறியபின் அவர்கள் ஊர்களுக்குச் சிதறிப்போனார்கள்.

நடுநிலையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆலையில் கல்நார் நெய்தவர்களுக்கும் கப்பலில் அதைப் பூசியவர்களுக்கும் நேர்ந்த தீங்கில் ஐயம் இல்லை. பிரேக் மாற்றும் மெக்கானிக்குகளைப் பற்றிய ஆய்வுகளோ ஒரே முடிவைத் தரவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் இரு தரப்பும் இன்னும் வாதாடுகின்றன. ஆயினும் லைனிங்கை வெட்டுவதும் ராவுவதும் துளையிடுவதும் தூசியை மிகுவிக்கும் வேலைகள் என்பதில் இரு கருத்தில்லை. தட்டுப்பாடு எங்கள் மெக்கானிக்கைத் தள்ளியது சரியாக அந்த வேலைகளுக்குள்தான். புது லைனிங் வாங்கிப் பூட்டுபவனை விடப் பழையதை வெட்டிப் பூட்டுபவன் அதிகத் தூசியைச் சுவாசித்தான்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. எழுபதுகளின் இறுதியிலிருந்து பஜாஜ் முச்சக்கர வண்டிகள் வந்திறங்கத் தொடங்கின; இன்று நாட்டில் பதிவானவை பத்து இலட்சத்துக்கும் மேல். அவற்றின் மூன்று சக்கரங்களிலும் ட்ரம் பிரேக். பிரேக் சூவும் லைனரும் பெட்டிக்கடை உயரத்துக்கு இறங்கி வந்த காலம் அது. சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இலும், ரானே பிரேக் லைனிங் 1964இலும் தொடங்கப்பட்டவை. தமிழ்நாட்டு ஆலையில் செய்த லைனர் தமிழ் எழுத்துப் பெட்டியில் வராவிட்டாலும் தமிழ் பேசும் வியாபாரி கைக்கு எளிதில் வந்தது.

பின்னர் போர். யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை உலகறிந்தது. எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் தடுக்கப்பட்ட இடத்தில் வண்டியை ஓடவைத்த திறமையைப் பாராட்டி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவற்றை நிறுத்திய திறமையைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. திருகோணமலை நகரம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் கடைகளில் சரக்கு இருந்தது. ஆனால் வாகரை வழியோ, ஹபரணை வழியோ, எந்தத் தெரு எந்த நாளில் திறந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 மூடப்பட்டபின் யாழ்ப்பாணம் போகிறவர்கள் இங்கே வந்து கப்பலுக்குக் காத்திருந்தார்கள். பயணப் பையில் உதிரிப்பாகம் வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லவேண்டும். அது பிரேக் லைனராக இருந்தாலும்தான்.

இப்போது இந்தக் கட்டுரைக்குக் காரணமானவனிடம் வருகிறேன். எனக்கு மருமகன் முறையான இளைஞன் ஒருவன், மூன்றாம் கட்டைக்கு அப்பால் உப்புவெளிக் கடற்கரையை அண்டி உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் செய்கிறான். பழைய ஏ.டி.வி. ஒன்று, அதாவது மணலில் ஓடும் பருத்த ரயர் கொண்ட நாற்சக்கர மோட்டார் வண்டி, வைத்திருக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தது; 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தபோதும் வரியையும் விலையையும் கண்டவர்கள் பழைய வண்டியையே தடவிக்கொடுத்தார்கள். இவனும் அவர்களில் ஒருவன்.

முன் டிஸ்க்குக்கு மூன்று விதமான பேட்கள் அவனுக்குக் கிடைத்தன: பெயரற்ற பெட்டியில் மிக மலிவானது, இந்தியத் தயாரிப்பு ஒன்று, யப்பானிய மூலத் தயாரிப்பு ஒன்று. கடைசியானதன் விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. "எதை வாங்க, மாமா? நீங்கள் எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிற ஆள்தானே" என்றான். ஏளனமா, மரியாதையா என்று விளங்கவில்லை. விசாரித்தேன்.

பேட்டின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் குறியீடு அது. முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையிலும், இரண்டாவது கடும் சூட்டிலும் உராய்வு எவ்வளவு என்று சொல்கிறது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' அதற்கு மேல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதை விடக் கீழிறங்கினால், சூடேறும்போது அந்தப் பேட் கைவிடும் என்று பொருள். எழுத்தே இல்லாத பேட்டைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாங்குபவர் முடிவு செய்யட்டும். எழுத்து இருந்தாலும் அது தேய்மானத்தைப் பற்றிப் பேசாது, அச்சடித்தவனின் நாணயத்துக்கும் சாட்சி சொல்லாது. பெட்டியில் 'கல்நார் அற்றது' என்ற வாசகம் உண்டா என்றும் பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது மணல். கடற்கரை வண்டியில் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மணல் புகுந்து இரண்டையும் அரைக்கிறது. உப்புநீர் கலிப்பரின் ஊசிகளை இறுக்கிவிடுகிறது. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த பேட் ஈரத்திலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் டிஸ்க்கைத் தின்னும். பிசினால் ஆன மென்மையான பேட் டிஸ்க்கைக் காக்கும். மணலில் தானே விரைவில் கரைந்துபோகும். டிஸ்க்கின் விலை பேட்டின் விலையை விட எவ்வளவு அதிகம் என்று கணக்குப் பார்த்தால், மலிவென்று வாங்கியது மலிவுதானா என்பது தெரியவரும். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும்; முதலில் அதை அளக்கச் சொன்னேன். மாலையில் நன்னீரால் கழுவவும் சொன்னேன்; அதற்குச் செலவில்லை.

அந்த மணலில் காலையில் கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னோக்கி நடப்பவர்களுக்கு வண்டி வருவது தெரியாது. பிள்ளைகள் வலையைச் சுற்றி ஓடுவார்கள். பேட்டின் விலையைப் பற்றிப் பேசும்போது நான் நினைத்துக்கொண்டது அவர்களைத்தான். அவனிடமும் அதைச் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

விசாரித்தபோது வியப்பான ஒன்று தெரியவந்தது. கல்நாரைக் கைவிட்ட இன்றைய பேட் பத்துப் பதினைந்து பொருள்களின் கூட்டு. சூட்டில் வழுக்கலைச் சீராக்கக் காரீயம் சேர்க்கிறார்கள். போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் இலங்கைக் காரீயம் தரத்தில் உலகப் புகழ் பெற்றது. பிடிப்புக்காகச் சிர்க்கோன் தூள் சேர்ப்பதுண்டு. நெசவிழையாகக் கல்நாரின் இடத்தைப் பிடித்தவற்றில் டைட்டேனியச் சேர்மமும் ஒன்று. இவற்றின் மூலக் கனியங்களான சிர்க்கோனும் உரூத்தைலும் இல்மனைட்டும் இதே திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கடற்கரையில், கறுப்பு மணலாகக் கிடக்கின்றன. அதற்கெனக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைக்கப்பட்டது. கடற்படைத் தளம் கைமாறிய அதே ஆண்டு. மரமுந்திரிக் கோதின் எண்ணெயிலிருந்து செய்யும் உராய்வுத்தூள் இன்னொரு சேர்க்கை. பண்ருட்டிக்காரருக்கும் கொல்லத்துக்காரருக்கும் அந்த எண்ணெய் கையில் பட்டால் எப்படிப் பொக்களிக்கும் என்று தெரியும். ரப்பர் தூளும் உண்டு. 1942இல் மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கொடுத்த முக்கிய நாடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணல் கப்பலேறிப் போகிறது. 1997 செப்ரெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் போரில் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். மணலுக்காக மனிதர் இறந்த நாளும் உண்டு. கனிமமாகப் போவது பேட்டாகத் திரும்பி வரும்போது டொலரில் விலை பேசுகிறது. மூலப்பொருள் மட்டும் இருந்தால் ஆலை முளைத்துவிடாது என்பதை அறிவேன். பிசின், அச்சு, சோதனைக்கூடம், பெருஞ்சந்தை எல்லாம் வேண்டும். என்றாலும் 1970களில் பழைய லைனிங்கை வெட்டிக்கொண்டிருந்த நாட்டில் எவராவது அதை முயன்றிருக்கலாமே என்ற ஆதங்கத்தை மறைக்க விரும்பவில்லை.

கல்நாரின் கதையும் முடிந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரிக்குள் அதை முற்றாகத் தடை செய்தது. அமெரிக்காவில் பிரேக் உட்படப் பல பொருள்களில் வெள்ளைக் கல்நாரைத் தடுக்கும் விதி 2024 மார்ச்சில்தான் வந்தது. இலங்கை நீலக் கல்நாரை முன்பே தடை செய்திருந்தது; வெள்ளையையும் 2018இலிருந்து கட்டுப்படுத்தத் தீர்மானித்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. கல்நாரை எங்களுக்கு விற்கும் முக்கிய நாடும் ரஷ்யாவே. சில நாட்களில் இலங்கை தன் தீர்மானத்தை ஒத்திவைத்தது. ரஷ்யாவும் தடையை நீக்கியது. பேச்சு பெரும்பாலும் கூரைத் தகட்டைப் பற்றியதுதான். ஆனால் ஒரு பழைய லைனரின் தூசியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

மருமகன் இரண்டாவது பெட்டியை வாங்கினான். அதைப் பூட்டக் கராஜுக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். பெரியவர் பழைய பேட்டைக் கழற்றினார். உலோகத் தகடு தெரியும் மட்டும் தேய்ந்திருந்தது. கொம்பிரசரின் குழாயை எடுத்தவரை நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்கலாமே என்றேன். "ஐம்பது வருசம் ஊதியாச்சு, தம்பி. இனி என்ன?" என்றார். பிறகு, பக்கத்தில் வேலை பழகும் பையனைப் பார்த்து, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.